திரையில் பிரெய்ல் தட்டும்போது தகராறு: அறிகுறியை வைத்து ஆளைப் பிடிப்பது

பார்வையற்றோரின் புள்ளி எழுத்தான பிரெய்லைத் தொடுதிரையில் தட்டும் நண்பர்கள் யாருக்காவது எழுத்து மாறி வந்தால் எனக்குத்தான் போன் வரும். "எல்லாம் தப்பு தப்பா வருது" என்பார்கள். அது போதாது. எந்த எழுத்தை அடித்தீர்கள், எந்த எழுத்து வந்தது? இந்த இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்காக நான் எல்லாரையும் இரண்டே இரண்டு சொல் அடிக்கச் சொல்வேன்: லி, அப்புறம் மழை. முதலாவது, போன் எந்தத் திசையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடும். இரண்டாவது, எந்த விரல் பதியவில்லை என்று காட்டிக்கொடுக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் ஐபோனில் திரையைப் பேசிக்காட்டும் ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவரில் 2014 முதல் இருக்கும் பிரெய்ல் திரை உள்ளீட்டுக்கும், ஆண்ட்ராய்டின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கில் 2020இல் வந்த பிரெய்ல் கீபோர்டுக்கும் பொருந்தும். சைகைகள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும். டாக்பேக்கில் பிரெய்ல் கீபோர்டு திறந்திருக்கும்போது மூன்று விரலால் மேலே தள்ளினால் உதவியும் விருப்பங்களும் வரும். சந்தேகம் வந்தால் முதலில் அதைக் கேளுங்கள்.

செட்டிங்ஸில் கை வைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. சாதாரணக் கீபோர்டு ஒன்றை அணைக்காமல் வைத்திருங்கள். பிரெய்ல் கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதுவே மக்கர் செய்தால், உதவி கேட்டுச் செய்திகூட அடிக்க முடியாது. வெளியே வரும் வழியும் தெரிந்திருக்க வேண்டும். டாக்பேக்கில் இரண்டு விரலால் கீழே தள்ளினால் கீபோர்டு மறையும், மூன்று விரலால் கீழே தள்ளினால் அடுத்த கீபோர்டுக்குப் போகும். ஐபோனில் ரோட்டரை (இரண்டு விரலைத் திரையில் குமிழ்போல் திருகித் தேர்வை மாற்றும் வசதி) வேறு பக்கம் திருப்பினால் போதும்.

பிரெய்ல் கீபோர்டே வரவில்லை

அடிக்கும் பெட்டிக்குள் உண்மையிலேயே இருக்கிறீர்களா என்று பாருங்கள். பெட்டியின் பெயரை ஸ்கிரீன் ரீடர் வாசித்துவிட்டது என்பதால் உள்ளே போய்விட்டதாக அர்த்தமில்லை. இருமுறை தட்டி, திருத்தும் நிலையில் இருப்பதாக அது சொல்ல வேண்டும்.

அடுத்து, ஐபோன் என்றால் ரோட்டரில் பிரெய்ல் திரை உள்ளீடு சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். வாய்ஸ்ஓவர் செட்டிங்ஸில் ரோட்டர் பட்டியலைத் திறந்து, அதில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு என்றால் டாக்பேக் செட்டிங்ஸுக்குள் பிரெய்ல் கீபோர்டு இயக்கப்பட்டிருக்க வேண்டும், போனின் கீபோர்டு பட்டியலிலும் அது இருக்க வேண்டும். டாக்பேக் அணைந்திருந்தால் இந்தக் கீபோர்டும் வேலை செய்யாது.

ஒரே ஒரு ஆப்பில் மட்டும் வரவில்லையா? பணம் அனுப்பும் ஆப்கள் பல, ரகசிய எண்ணுக்குத் தங்கள் சொந்த எண்பலகையைத்தான் காட்டும். போனின் கீபோர்டை அவை கூப்பிடவே கூப்பிடாது. அங்கே பிரெய்ல் வராதது உங்கள் போனின் பிழையல்ல. அந்த எண்பலகையைத் தடவித் தட்ட வேண்டியதுதான்.

எழுத்து வருகிறது, ஆனால் வேறு எழுத்து வருகிறது

இங்கேதான் லி சோதனை. பிரெய்லில் ஒவ்வொரு எழுத்தும் 1 முதல் 6 வரை எண்ணிட்ட புள்ளிகளில் சிலவற்றின் சேர்க்கை: 1, 2, 3 இடக்கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களுக்கு, 4, 5, 6 வலக்கையின் அதே விரல்களுக்கு. தமிழ் அட்டவணையில் (எந்தப் புள்ளிகள் எந்த எழுத்து என்று போன் பார்க்கும் பட்டியல்) ல என்பது 1-2-3, இ என்பது 2-4. ல-வுக்குப் பின்னால் இ அடித்தால் லி ஆகிவிடும். ல மூன்று புள்ளியும் இடக்கை, ள அதன் நேர்ப் பிரதிபலிப்பாக 4-5-6, மூன்றும் வலக்கை. அதனால்தான் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வருவது நான்கில் ஒன்றாக இருக்கும்.

லி என்றே வந்தால் திசை சரி. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

ளே என்று வந்தால் இடமும் வலமும் மாறியிருக்கின்றன. ஏ என்பது 1-5, அதாவது 2-4இன் கண்ணாடிப் பிம்பம். போனை மேஜையில் கிடத்தி அடிப்பவர் என்றால் போன் தலைகீழாகக் கிடக்கிறது, அரைச் சுற்று திருப்பி வையுங்கள். திரையை வெளிப்பக்கம் பார்க்கப் பிடித்து அடிப்பவர் என்றால், திரை உங்களைப் பார்ப்பதாகப் போன் நினைத்துக்கொண்டிருக்கலாம். கீபோர்டிலிருந்து வெளியே வந்து, போனைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, மறுபடி உள்ளே போங்கள். எந்த முறையில் திறக்கிறது என்று அப்போது அது சொல்லும். அதைக் கேட்காமல் தட்ட ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். டாக்பேக் செட்டிங்ஸில் புள்ளிகளின் இடவலத்தை மாற்றிப்போடும் ஒரு விருப்பமும் உண்டு. யாரோ விளையாட்டாக அதைத் தட்டிவிட்டிருக்கலாம்.

ளீ என்று வந்தால் அரைச் சுற்று திரும்பியிருக்கிறது. 1க்கு 6, 2க்கு 5, 3க்கு 4 என்று போயிருக்கிறது. திரையை வெளியே காட்டிப் பிடிக்கும்போது சார்ஜர் துளை தவறான கைப்பக்கம் போய்விட்டதன் அடையாளம் இது. போனைச் சுழற்றிப் பிடித்தால் முடிந்தது.

லெ என்று வந்தால் மேலும் கீழும் மாறியிருக்கின்றன. அரிதுதான். திசையும் முறையும் ஒன்றாகக் குழம்பியிருக்கும்போது வரும். வெளியே வந்து புதிதாகத் திறந்தால் பெரும்பாலும் போய்விடும்.

இதெல்லாம் நாளுக்கு நாலு முறை நடக்கிறதென்றால் தானாகக் கண்டுபிடிக்கும் முறையை நம்பாதீர்கள். செட்டிங்ஸில் மேஜை முறையா, திரை வெளிப்பக்க முறையா என்று ஒன்றை நிரந்தரமாகத் தேர்ந்தெடுங்கள். சார்ஜர் துளை எந்தக் கைப்பக்கம் என்பதிலும் ஒரே பழக்கத்தைப் பிடியுங்கள். படுத்துக்கொண்டு அடிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். போன் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அது முறையை ஊகிக்கிறது. நீங்கள் மல்லாந்தால் ஊகமும் மல்லாந்துவிடும்.

நான்கில் எதுவும் இல்லாமல் கண்டபடி ஏதோ வருகிறதா? தமிழ் அட்டவணை தேர்வாகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கில அட்டவணையில் அதே விரல்கள் எல், ஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்தைத் தரும். பிரெய்ல் அட்டவணைப் பட்டியலில் தமிழைச் சேர்த்துவிட்டு மாற்றுங்கள். போனின் மொழி தமிழாக இருப்பது வேறு, பிரெய்ல் அட்டவணை தமிழாக இருப்பது வேறு.

சில எழுத்துகள் மட்டும் மாறி வருகின்றன

லி சரியாக வந்து, மழை தவறினால், ஏதோ ஒரு விரல் பதியவில்லை. ழ என்பது 1-2-3-5-6, ஐந்து விரல் வேண்டும்.

மரை என்று வந்தால் 6 விழவில்லை, வலது மோதிரவிரலைப் பாருங்கள். மவை என்று வந்தால் 5, வலது நடுவிரல். மூஐ என்று விசித்திரமாக வந்தால் 3, இடது மோதிரவிரல். இதே கணக்கில் ட அடித்து த வந்தாலும், ய அடித்து ந வந்தாலும் 6தான் குற்றவாளி. ட அடித்து ண வந்தால் 2. ப அடித்து ல வந்தால் 4.

பத்தில் எட்டு முறை மோதிரவிரல்கள்தான். பலம் குறைந்த விரல், சற்றுப் பின்தங்கி விழும், அல்லது திரையின் ஓரத்தைத் தாண்டி விழும். இதற்குச் சரிபார்ப்பு வரிசை இப்படி.

முதலில் கையையும் திரையையும் துடையுங்கள். வியர்வை ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் தொடுதலைக் குழப்பும். ரொம்பக் காய்ந்த விரல்நுனியும் சிலருக்குப் பதியாது.

அடுத்து, புள்ளிகளைக் கைக்கு ஏற்றபடி மறுபடி அமையுங்கள். ஐபோனில் வலக்கை மூன்று விரலையும் ஒன்றாக வைத்து எடுத்து, உடனே இடக்கை மூன்று விரலையும் அப்படியே வைத்து எடுக்க வேண்டும். டாக்பேக்கில் உங்கள் பதிப்புக்கு எப்படி என்பதை உதவியில் கேளுங்கள். அமைக்கும்போது விரல்களை அழகாக வைக்க வேண்டாம். நிஜமாக அடிக்கும்போது எப்படி விழுமோ அப்படிச் சோம்பலாகவே வையுங்கள். நீளமாக அடிப்பவர்களுக்குக் கை மெல்ல நகர்ந்துவிடும். பத்து வரிக்கு ஒருமுறை அமைத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

பிறகு கவரைக் கழற்றுங்கள். ஓரம் உயர்ந்த கவர் 3ஐயும் 6ஐயும் தடுக்கும். மூடி உள்ள கவர் என்றால் மூடியோ உள்ளங்கையோ திரையில் பட்டுக்கொண்டு தேவையில்லாத ஏழாவது விரலாகிவிடும். திரைக்கு மேல் ஒட்டியிருக்கும் கண்ணாடி கிளம்பியிருந்தாலோ, உள்ளே காற்றுக்குமிழி இருந்தாலோ அந்த இடம் மட்டும் மந்தமாகும். நகத்தால் ஓரத்தைத் தடவிப் பார்த்தால் தெரியும். பிய்த்துவிட்டு மறுபடி மழை அடியுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் அதே புள்ளி விழவில்லை என்றால், குற்றம் விரலிலா திரையிலா என்று பிரிக்க வேண்டும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. போனை அரைச் சுற்று திருப்பி, கீபோர்டை மறுபடி திறந்து, மழை அடியுங்கள். இப்போதும் அதே தவறான எழுத்துதான் வருகிறதா? விரல். குறை வேறு புள்ளிக்கு இடம் மாறிவிட்டதா? திரையின் ஒரு பகுதி செத்திருக்கிறது. அது செலவு. கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

சில மலிவான போன்களின் திரை ஒரே நேரத்தில் ஐந்து தொடுதலுக்கு மேல் எடுக்காது. அதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். தமிழ் எழுத்து எதற்கும் ஐந்து புள்ளிக்கு மேல் தேவையில்லை. உள்ளங்கை ஆறாவதாகத் திரையில் படாமல் பார்த்துக்கொண்டால் அந்தப் போனிலும் காலம் தள்ளலாம்.

பாதியில் திரை மாறுகிறது, ஸ்கிரீன்ஷாட் விழுகிறது, எழுத்து அழிகிறது

ல அடிக்கும்போதெல்லாம் கேமரா சத்தம் கேட்கிறது என்று ஒருவர் புலம்பினார். திரை கெட்டுவிட்டது என்று அதற்குள் ஒரு கடையில் பணம் கொடுத்து மாற்றியும்விட்டார். புதுத் திரையிலும் அதே சத்தம். விஷயம் இவ்வளவுதான்: பல ஆண்ட்ராய்டு போன்களில் மூன்று விரலை வைத்து இழுத்தாலோ அழுத்திப் பிடித்தாலோ ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் குறுக்குவழி ஒன்று கம்பெனியே போட்டு வைத்திருக்கும். ல, ள இரண்டும் மூன்று விரல் அருகருகே விழும் எழுத்துகள். செட்டிங்ஸில் ஸ்கிரீன்ஷாட் என்றோ சைகைகள் என்றோ தேடி அந்தக் குறுக்குவழியை அணைத்தால் தீர்ந்தது. அவருக்கு அரை நிமிட வேலை. அந்தத் திரைக் காசை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

திரையைப் பெரிதாக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் அணையுங்கள். மும்முறை தட்டினால் பெரிதாகும் வகை ஆண்ட்ராய்டிலும், மூன்று விரலால் இருமுறை தட்டும் வகை ஐபோனிலும் உண்டு. கொஞ்சம் பார்வை உள்ளவர்கள் பெரிதாக்கலையும் பிரெய்ல் கீபோர்டையும் சேர்த்து வைத்திருப்பார்கள். ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும்.

ஓரத்திலிருந்து இழுத்தால் பின்னால் போகும் சைகை தொந்தரவு செய்தால், வழிசெலுத்தலை மூன்று பொத்தான் முறைக்கு மாற்றிப் பாருங்கள்.

எழுத்து தானாக அழிகிறதென்றால் அது தானாக அழியவில்லை. ஒரு விரலை இடப்பக்கம் தள்ளினால் ஒரு எழுத்து அழியும், வலப்பக்கம் தள்ளினால் இடைவெளி விழும். நீங்கள் தட்டுவதாக நினைப்பது போனுக்கு இழுப்பதாகத் தெரிகிறது. விரலை நேராக வைத்து நேராக எடுக்கப் பழக வேண்டும். தட்டச்சுப் பொறியில் பிரெய்ல் அடித்துப் பழகியவர்கள் அழுத்துவார்கள். கண்ணாடியில் அழுத்தினால் விரல் வழுக்கத்தான் செய்யும், மெல்லத் தொட்டாலே போதும்.

எழுத்தெல்லாம் சரி, சொல் மட்டும் சிதைந்து வருகிறது

இது போனின் பிழையே அல்ல. ஆனால் வரும் அழைப்புகளில் பெரும்பங்கு இதுதான், அதுவும் பிரெய்லைப் பாதியில் கற்றுவிட்டு, சாதாரணக் கீபோர்டில் பல வருடம் பழகியவர்களிடமிருந்து.

பார்வை உள்ளவர்கள் எழுதும்போது மெய்யெழுத்தை எழுதிவிட்டு மேலே புள்ளி வைப்பார்கள். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் புள்ளிக்கான 4 முதலில், எழுத்து அதன் பிறகு. அம்மா என்பதற்கு 1, பிறகு 4, பிறகு 1-3-4, மறுபடி 1-3-4, கடைசியில் 3-4-5. புள்ளியை ம-வுக்குப் பின்னால் அடித்தால் அது அடுத்த ம-வின் தலையில் போய் உட்கார்ந்து, அமம்ஆ என்ற மாதிரி வரும். கல் என்ற சொல்லில் கடைசியாகப் புள்ளி அடித்தால் அது ஒட்ட இடமில்லாமல் தொங்கும். சிதைந்த சொல்லில் புள்ளி ஒரு எழுத்து தள்ளி விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்த சந்தேகம் எண்கள். எண்ணுக்கான முன்குறியும் ண எழுத்தும் ஒரே 3-4-5-6. ஒரு சொல்லோடு ஒட்டி எண்ணை அடித்தால் எண்ணுக்குப் பதில் ண-வும் சில எழுத்துகளும் வரிசையாக வரலாம். எண்ணுக்கு முன் ஒரு இடைவெளி விட்டு அடியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் எண்ணுக்கு மட்டும் ஆங்கில அட்டவணைக்குத் தாவிவிட்டு வருவது உத்தமம். போன் நம்பர், கணக்கு எண் எல்லாம் நான் அப்படித்தான் அடிக்கிறேன். ஒரு இலக்கம் தவறினாலும் வம்பு.

குறில் நெடில் மாறினால் கையைத்தான் சொல்ல வேண்டும். எ 2-6, ஏ 1-5. ஒ 1-3-4-6, ஓ 1-3-5. எல்லா ஜோடிக்கும் பொருந்தும் ஒரே விதி இல்லை என்பதால், நெடில் மறந்தவர் அதைக் குறிலை வைத்து ஊகிக்க முடியாது. தனியாக உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டும்.

ஆங்கிலம் அடிக்கும்போது மட்டும் சொற்கள் விபரீதமாக விரிகின்றனவா? சுருக்கெழுத்து பிரெய்ல் இயக்கத்தில் இருக்கிறது. சுருக்கம் தெரியாதவர்கள் விரிவெழுத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடிக்கிறது, ஆனால் எதுவும் பேசவில்லை

ஒரு எழுத்தை அடித்துவிட்டுக் கீபோர்டிலிருந்து வெளியே வந்து பெட்டியைத் தடவிப் பாருங்கள். எழுத்து உள்ளே இருக்கிறதென்றால் தட்டச்சில் பிழையில்லை, பேச்சில்தான் பிழை.

தமிழ் பேசும் குரல் போனில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலக் குரல் மட்டும் இருந்தால் தமிழ் எழுத்து வந்தும் மௌனமாகக் கடந்துவிடும். குரல் உண்டு என்றால், தட்டும்போது எதை வாசிக்க வேண்டும் என்ற தேர்வில் எழுத்துகள், சொற்கள் இரண்டும் இருக்கட்டும். சுருக்கெழுத்து இயக்கத்தில் இருந்தால் இடைவெளி விட்ட பிறகுதான் சொல் முழுதாக மாறும், அதுவரை வாசிப்பு அரைகுறையாக இருப்பது இயல்பு.

பேச்சு தாமதமாக வந்தால் புளூடூத் இயர்போனைக் கழற்றிப் பாருங்கள். பலருக்கும் இதுதான் காரணம்.

எதுவும் பதியவில்லை, பேச்சும் இல்லை என்றால் ஸ்கிரீன் ரீடரை அணைத்துப் போடுங்கள், பிறகு போனையே. விரலை எடுக்காமல் அழுத்தியே வைத்திருக்கிறீர்களா என்றும் கவனியுங்கள். எழுத்து பதிவாவது விரலை எடுக்கும்போதுதான்.

சார்ஜில் போட்டால் மட்டும் பைத்தியம் பிடிக்கிறது

தொடாத புள்ளியெல்லாம் விழும், ஒரு எழுத்து இரண்டாகும். சார்ஜரைப் பிடுங்கியதும் சரியானால் சார்ஜர்தான் காரணம், போன் அல்ல. தரம் குறைந்த சார்ஜரின் மின் இரைச்சல் தொடுதிரையைக் குழப்பும். வேறு சார்ஜர், வேறு வயர் மாற்றிப் பாருங்கள். பிடுங்கிய பிறகும் தொடர்ந்தால், அதுவும் போன் சூடாகவோ பின்பக்கம் உப்பலாகவோ இருந்தால், அன்றே கடைக்குக் கொண்டு போங்கள். உப்பிய பேட்டரியோடு விளையாடக் கூடாது.

அப்டேட்டுக்குப் பிறகு கெட்டுவிட்டது

அட்டவணை ஆங்கிலத்துக்குத் திரும்பியிருக்கும், அல்லது கீபோர்டு பட்டியலிலிருந்து விழுந்திருக்கும். மேலே சொன்ன இரண்டு இடங்களையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் தமிழில் ஒரே ஒரு எழுத்தோ குறியோ மட்டும் எப்போதும் தவறுகிறது, இதே பதிப்பு வைத்திருக்கும் இன்னொருவர் போனிலும் அப்படியே தவறுகிறது என்றால், அது அட்டவணைப் பிழை. எந்தக் கடைக்காரராலும் சரிசெய்ய முடியாது. அடித்த புள்ளிகள், வந்த எழுத்து, வர வேண்டிய எழுத்து, மென்பொருள் பதிப்பு எண் நான்கையும் எழுதி, அந்த மென்பொருளின் அணுகல்தன்மைக் குழுவுக்கு அனுப்புங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

போனைத் திருப்பிச் செய்த சோதனையில் குறை இடம் மாறினால், அல்லது சாதாரணக் கீபோர்டிலும் அதே இடத்தில் தட்டினால் பதியவில்லை என்றால், சர்வீஸ் சென்டர். அதற்கு முன் பணம் செலவழிக்க வேண்டாம்.

போகும்போது சில விஷயங்கள். தேவையானதை வேறிடத்தில் சேமித்துவிடுங்கள். ஸ்கிரீன் ரீடர் இயங்கும் போனை எப்படித் தொடுவது என்று கடையில் பலருக்குத் தெரியாது. "போன் ஹேங் ஆகுது" என்று தவறாக எழுதிக்கொள்வார்கள். அதை அணைக்கும் குறுக்குவழியை நீங்களே செய்து கொடுங்கள், திரும்ப வாங்கும்போது நீங்களே இயக்குங்கள். "திரை வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் ஒற்றை விரலால் தட்டிப் பார்த்து, நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். ஐந்து விரலை ஒன்றாக வைத்தால் இந்த மூலையில் ஒன்று பதியவில்லை என்று இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். மாற்றுத் திரை போடுவதாக இருந்தால் அதுவும் பல விரல் தொடுதலைச் சரியாக எடுக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். மலிவான மாற்றுத் திரைகளில் சில, ஒற்றை விரலுக்கு நன்றாக இருந்து பிரெய்லுக்குச் சொதப்பும். காசைக் கொடுப்பதற்கு முன் கடையிலேயே நின்று லி, மழை இரண்டையும் அடித்துப் பாருங்கள்.

திருப்பிய சோதனையில் குறை விரல்தான் என்று வந்து, இரண்டு வாரம் பழகியும் மாறவில்லை என்றால், கடைக்காரரால் ஆவதில்லை. பிரெய்ல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் விரல்மேல் விரல் வைத்துப் பார்த்தால் அரை மணியில் சொல்லிவிடுவார்.